மாத்திரையை மாற்றும்போது பழைய அட்டையைக் கேட்டு வாங்குங்கள்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், அறக்கட்டளை நடத்தும் கிளினிக்கில் நான் மருந்தாளுநர். உறுப்பினராகச் சேர்ந்தவர்களுக்கு மாதாமாதம் சுகர், பிரஷர், கொழுப்பு, தைராய்டு மாத்திரைகளைக் கிளினிக்கே கொடுத்துவிடும். எந்தெந்த மருந்தை வாங்கி வைப்பது என்று வருஷத்துக்கு ஒரு தடவை கமிட்டி கூடி, விலையைப் பார்த்து, டாக்டரையும் கேட்டுக்கொண்டு ஒரு பட்டியல் போடும். பட்டியல் மாறினால் நோயாளிகளையும் பழைய மருந்திலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். அந்த வேலை என் தலையில் விழும். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கும், வீட்டில் பெரியவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர்களுக்கும் உதவட்டும் என்று நான் செய்கிற முறையை எழுதுகிறேன்.

பட்டியல் வைத்து வைத்தியம் பார்ப்பது ஒன்றும் புதுசு இல்லை. அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் இதையே பெரிய அளவில் செய்கின்றன. பட்டியலில் இல்லாத மருந்தை டாக்டர் எழுதினால் முன் அனுமதி கேட்கும், அல்லது ‘முதலில் விலை குறைந்ததைச் சாப்பிட்டுப் பாருங்கள், கேட்காவிட்டால் இதைத் தருகிறோம்’ என்று சொல்லும். நம் மாநிலத்தில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்தை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குவது அதுதான். டெண்டர் யாருக்குப் போகிறதோ அந்தக் கம்பெனியின் அட்டை வரும். போன தடவை வெள்ளையாக இருந்த மாத்திரை இந்தத் தடவை ரோஸ் கலரில் இருக்கும்.

மாற்றுவதில் தப்பு எதுவும் இல்லை, முறையாக மாற்றினால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. சிக்கல் வருகிற இடம் சீட்டு எழுதும் மேஜை இல்லை. பழைய அட்டையும் புதிய அட்டையும் ஒரே வீட்டில், ஒரே டப்பாவில் கிடக்கும், பெயர் வேறு வேறாக இருக்கும், பெரியவர் இரண்டையும் போடுவார். நான் பார்த்த தொந்தரவுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். அதனால் பழைய அட்டை கணக்குக்கு வரும் வரை மாற்றம் முடிந்ததாக நான் நோட்டில் டிக் போடுவதில்லை.

எந்த வகை மாற்றம் என்று முதலில் பாருங்கள்

அதே மருந்து, கம்பெனி மட்டும் வேறு என்பது ஒரு வகை. கொழுப்பு மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமுக்குப் பதில் இன்னொரு கம்பெனியின் அட்டோர்வாஸ்டாட்டின் 10. இதில் பயப்பட அதிகம் இல்லை. அதே வேலையைச் செய்யும் வேறு மருந்து என்பது இரண்டாவது வகை. பிரஷருக்கு டெல்மிசார்ட்டனுக்குப் பதில் லோசார்ட்டன், கொழுப்புக்கு அட்டோர்வாவுக்குப் பதில் ரோசுவாஸ்டாட்டின் இதில் சேரும். மூன்றாவது, கொடுக்கும் விதமே மாறுவது. இன்சுலின் பேனாவிலிருந்து குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் வருவது, மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரையைத் தனித்தனி மாத்திரைகளாகப் பிரிப்பது எல்லாம் இந்த வகை.

எந்த வகையானாலும் டாக்டர் கையெழுத்து வேண்டும். நம் நாட்டு மருந்து விதிகளின்படி, டாக்டர் ஷெட்யூல் எச் மருந்து (சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து) ஒன்றை எழுதியிருந்தால், அதே மருந்தே ஆனாலும் வேறு தயாரிப்பை மருந்தாளுநர் தன் இஷ்டத்துக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. டாக்டர் பிராண்ட் பெயரை விட்டு மருந்தின் பெயரையே எழுதிவிட்டால் முதல் வகையில் பாதி வேலை மிச்சம். பட்டியல் போடும்போதே எங்கள் டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுவேன்.

யாரைத் தொடக்கூடாது

மாற்ற வேண்டியவர்கள் பட்டியலைவிட, மாற்றக்கூடாதவர்கள் பட்டியலை நான் முதலில் எழுதுவேன். வலிப்பு மாத்திரை சாப்பிட்டு வலிப்பு நின்று நிம்மதியாக இருப்பவர், சிறுநீரகம் மாற்றி டாக்ரோலிமஸ் சாப்பிடுபவர், லித்தியம் சாப்பிடுபவர், இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோமோ வார்ஃபரினோ சாப்பிடுபவர். இந்த மருந்துகளில் ரத்தத்தில் சேரும் அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து. கம்பெனியைக்கூட மாற்ற வேண்டாம் என்று கமிட்டியில் எழுதி வாங்கிவிடுவேன். மாற்றியே ஆக வேண்டும் என்றால், வைத்தியம் பார்க்கிற சிறப்பு டாக்டர் சொல்லி, ரத்தப் பரிசோதனைக்குத் தேதி குறித்த பிறகுதான்.

இதய பலவீனத்துக்கு சாக்குபிட்ரில் சேர்ந்த மாத்திரை சாப்பிடுபவர்களையும் நான் தொடமாட்டேன். எனலாப்ரில் வகை பிரஷர் மாத்திரையிலிருந்து அதற்குப் போவதானாலும் அதிலிருந்து திரும்புவதானாலும் நடுவில் 36 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் முகமும் தொண்டையும் வீங்கும் அபாயம் உண்டு. அதை அவருடைய இதய டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்தது, ஏற்கெனவே ஒரு தடவை மாற்றப்பட்டவர்கள். இவர்களைத்தான் பட்டியல் போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். டெல்மிசார்ட்டன் சாப்பிடும் ஒருவருக்கு எனலாப்ரில் கொடுத்தால் செலவு குறையும் என்று பேச்சு வரும். ஆனால் அவர் முன்பு எனலாப்ரில்தான் சாப்பிட்டிருப்பார். வறட்டு இருமல் வந்து ராத்திரி தூக்கம் கெட்டு, டாக்டர் மாற்றிவிட்டிருப்பார். அது எந்த நோட்டிலும் இருக்காது. ‘முன்னால பிரஷர் மாத்திரை எதுவும் ஒத்துக்காம நிறுத்தினாங்களா? இருமல் வந்துச்சா? உதடு, முகம் வீங்குச்சா?’ என்று கேட்டால்தான் வெளியே வரும். அம்லோடிபினும் அப்படித்தான். எங்கள் ஊரில் யாரும் ‘கால் வீக்கம்’ என்று சொல்வதில்லை, ‘செருப்பு இறுக்குது’ என்பார்கள். அதற்காகச் சில்னிடிபினுக்கு மாற்றப்பட்டவரை மறுபடி அம்லோடிபினில் கொண்டுபோய் விட்டால் செருப்பு மறுபடியும் இறுக்கும்.

இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் கட்டாமல் இருக்க குளோபிடோக்ரல் சாப்பிடுபவருக்கு வயிற்று மாத்திரையைக்கூட யோசித்துத்தான் மாற்ற வேண்டும். ஒமிப்ரசோல் அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2009-லேயே எச்சரித்தது. பாண்டப்ரசோலை எடுத்துவிட்டு ஒமிப்ரசோல் மட்டும் வைப்போம் என்று கமிட்டியில் வந்தால், ஸ்டென்ட் வைத்தவர்களுக்காகப் பாண்டப்ரசோலைக் கொஞ்சமாவது வாங்கி வையுங்கள் என்று கேட்கிறேன்.

மில்லிகிராமுக்கு மில்லிகிராம் கணக்கு சரிவராது

இரண்டாவது வகையில் பெரிய குழி இது. அட்டோர்வாஸ்டாட்டின் 10 செய்யும் வேலையை ரோசுவாஸ்டாட்டின் 5 கிட்டத்தட்ட செய்துவிடும். சுகர் மாத்திரையில் சாதாரண கிளிக்லசைடு 80-க்கு, மெதுவாகக் கரையும் வகையில் 30 போதும். ‘எண்பது சாப்பிட்டேன், முப்பதாக் குறைச்சுட்டாக’ என்று நினைத்து ஐயா ஒருவர் இரண்டாகப் போட்டுக்கொள்வார், சுகர் இறங்கிவிடும். அதனால் எண் மாறுகிறபோது, ‘எண் சின்னதா இருக்கும், வேலை அதே வேலைதான்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சரியான அளவை டாக்டர்தான் எழுத வேண்டும். வயசு, சிறுநீரகம், எடை எல்லாவற்றையும் அவர் பார்க்க வேண்டும். நம் வேலை, பழைய அளவும் புதிய அளவும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிற மாதிரி ஒரு தாளை அவர் முன்னால் வைப்பது.

கிளிபென்கிளமைடு என்கிற சுகர் மாத்திரை விலை குறைவு என்று பட்டியலில் நுழையப் பார்க்கும். வயதானவர்களுக்கு அது சுகரை நீண்ட நேரம் கீழே இறக்கிவைக்கும். எங்கள் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் வயதானவர்கள், எனவே அதற்கு மட்டும் நான் கமிட்டியில் சண்டையே போடுவேன்.

சேர்க்கை மாத்திரைகளைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் மருந்துகளை விரல்விட்டு எண்ணுங்கள். டெல்மிசார்ட்டன், அம்லோடிபின், ஹைட்ரோகுளோரோதயசைடு மூன்றும் ஒரே மாத்திரையில் இருந்திருக்கும். அட்டையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் பிராண்ட் பெயரும் அதற்குப் பின்னால் இரண்டு எழுத்தும் மட்டும் தெரியும். பிரித்து எழுதும்போது அந்தத் தயசைடு காணாமல் போய்விடும். ஒரு மாதம் கழித்துப் பிரஷர் ஏறியிருக்கும், ‘கிளினிக் மாத்திரை கேக்கலை’ என்று பெயர் வரும்.

பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற அட்டெனலால், மெட்டப்ரலால் வகை மாத்திரைகளில் இடைவெளியே விடக்கூடாது. பழையது தீர்ந்து, புதியது நாலு நாள் கழித்து வரும் என்றால் மாற்றத்தைத் தள்ளிவையுங்கள். திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி வரலாம்.

கொட்டானைக் கொட்டச் சொல்லுங்கள்

மாற்றும் நாளில் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் கொண்டுவரச் சொல்வேன். சிலர் மஞ்சப்பை, சிலர் பழைய பிஸ்கட் டப்பா. ஆச்சிகள் பல பேர் கலர் ஓலைக் கொட்டானில் போட்டுக்கொண்டு வருவார்கள். வாங்கி நாமே உள்ளே கையை விடக்கூடாது. மேஜையில் ஒரு துணியை விரித்து, அவர்களையே கொட்டச் சொல்ல வேண்டும்.

அப்படிக் கொட்டியபோது ஓர் ஆச்சியிடம் கண்டது இது. எங்கள் கிளினிக்கில் கொடுத்த அம்லோடிபின். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்த அம்லோடிபின், அதில் அரசு முத்திரை. சென்னையில் இருக்கும் மகன் அங்கே ஒரு டாக்டரிடம் காட்டி வாங்கிக் கொடுத்த சேர்க்கை மாத்திரை, அதற்குள்ளும் அம்லோடிபின். மூன்றும் மூன்று பெயர், மூன்று கலர். ஆச்சி ரொம்ப ஒழுங்கு, எதையும் விடாமல் வேளைக்கு வேளை போட்டுக்கொண்டிருந்தார். ‘ஏம்மா, எல்லாம் டாக்டர் குடுத்ததுதானே?’ என்றார். அவர் கேட்டதில் என்ன தப்பு?

இப்போது மருந்து வரும் வழிகள் பல. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. மக்கள் மருந்தகம் இருக்கிறது. 2025 பிப்ரவரியிலிருந்து முதல்வர் மருந்தகமும் வந்துவிட்டது. எல்லாமே நல்லதுதான். ஆனால் ஒன்று கொடுப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. எனவே ‘வேற எங்க மாத்திரை வாங்குறீக?’ என்பதை மூன்று விதமாகக் கேட்கிறேன். கடையில் வாங்குவது, வீட்டுக்கு வருவது, பிள்ளைகள் அனுப்புவது.

கொட்டியதும் அட்டைகளை மருந்தின் பெயர்படி குவியல் பிரியுங்கள். பிராண்ட் பெயரைப் பார்க்காதீர்கள், அதன் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். கத்தரித்த அட்டையில் பெயர் இருக்கிற பக்கம் போயிருந்தால், அது எது என்று ஊகிக்காமல் தனியே வைத்துவிடுங்கள்.

அதே மருந்து, கம்பெனி மட்டும் வேறு என்றால் பழையதைத் தீர்த்துவிட்டுப் புதியதைத் தொடங்கச் சொல்லலாம். காசு கொடுத்து வாங்கியதைத் தூக்கிப்போடச் சொன்னால் யாருக்கும் மனசு வராது, ஒளித்துவைத்துவிடுவார்கள். பழையதை மேலே ரப்பர் பேண்ட் போட்டு, புதிய அட்டையில் தொடங்கும் தேதியை எழுதிக் கொடுப்பேன். மருந்தே வேறு என்றால் பழையது அன்றைக்கே நின்றுவிட வேண்டும். அதை ஒரு கவரில் போட்டு, ‘நிறுத்தியாச்சு’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, ஒப்புக்கொண்டால் கிளினிக்கில் வாங்கிவைத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் கூட வந்தவர் கையில் கொடுப்பேன், பெரியவர் கையில் கொடுப்பதில்லை.

கலரை வைத்து எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். ‘காலையில ரோஸ், ராத்திரி வெள்ளை’ என்று சொல்லிவிட்டால் அடுத்த லாட் வரும்போது மறுபடி குழப்பம். ‘இது பிரஷருக்கு, காலையில ஒண்ணு. முன்னாடி போட்ட டெல்மிக்குப் பதில் இது’ என்று அட்டையிலேயே ஸ்டிக்கர் ஒட்டுங்கள். எதற்குப் பதில் என்கிற அந்த வரிதான் முக்கியம்.

‘இது கேக்குமா? விலை கம்மியா இருக்கே’ என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். மருந்து அதேதான் என்றால் அதேதான் என்று சொல்லலாம். மருந்து வேறு என்றால் ‘ஒண்ணுதான்’ என்று சமாளிக்காதீர்கள். ‘வேற மருந்து, அதே வேலையைச் செய்யும், ஒரு மாசம் பார்ப்போம், ஒத்துக்கலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி மாத்துவோம்’ என்று உள்ளதைச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். பிற்பாடு தானாக நிறுத்துவதும் குறைகிறது.

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு விஷயம் சேர்க்க வேண்டும். பெரிய வீட்டில் வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி அத்தனை அறை இருக்கும், இருப்பது ஓர் ஆச்சியும் வேலைக்கு வரும் அம்மாவும்தான். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ. மாத்திரையை எடுத்துக் கொடுப்பது வேலைக்கார அம்மா. எனவே அந்த அம்மாவை வரவழைத்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகளுக்கு வாட்சப்பில் பழைய சீட்டு, புதிய சீட்டு இரண்டையும் படமெடுத்து அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் அடுத்த மாதம் கூரியரில் பழைய மருந்து வந்து நிற்கும்.

இன்சுலின் என்றால் ஒரு நாளை ஒதுக்குங்கள்

பேனாவிலிருந்து குப்பிக்கு மாற்றுவதுதான் மிகவும் கவனம் கேட்கிற வேலை. பேனா கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். நம் ஊரில் அதிகம் கிடைக்கும் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். 40-க்கு என்று தனி சிரிஞ்ச், மூடி சிவப்பு. 100-க்கு ஆரஞ்சு மூடி. குப்பியிலும் 100 யூனிட் வகை உண்டு. அதனால் குப்பியில் எழுதியிருப்பதைப் படித்த பிறகுதான் சிரிஞ்சை எடுக்க வேண்டும்.

மாறிப்போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுவேன். டாக்டர் எழுதியது 20 யூனிட். 40 குப்பியில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சால் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் போவது 8 யூனிட்தான், சுகர் ஏறும். தலைகீழ்தான் பயங்கரம். பேனா கெட்டுப்போச்சு என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சால் 20 கோடு வரை இழுத்தால் போவது 50 யூனிட். தனியாக இருக்கிற ஆச்சிக்கு ராத்திரி இப்படிப் போனால் காலையில் எழுப்ப முடியாது. எனவே குப்பிக்கு மாறுகிற வீட்டில் மிச்ச கார்ட்ரிட்ஜ் பிரிட்ஜ் கதவில் இருக்கவே கூடாது. இந்த ஒன்றில் மட்டும் நான் மரியாதை பார்க்காமல் கேட்டு வாங்கிவிடுகிறேன்.

நேரமும் மாறும். அஸ்பார்ட் கலந்த புதிய வகை இன்சுலினைச் சாப்பிட உட்காரும்போது போடலாம். பழைய மனித இன்சுலின் 30/70 கலவையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். ஊசியைப் போட்டுவிட்டு, சாப்பாடு அரை மணி நேரத்தையும் தாண்டித் தள்ளிப்போனால் சுகர் இறங்கி வியர்த்துவிடும், ஊசியே போடாமல் சாப்பிட்டால் ஏறும். இடியாப்ப மாவு பிசைந்துவிட்டு ஊசி போடுங்கள் என்று ஒரு வீட்டில் சொன்னேன், அவர்களுக்கு அது சரியாக வந்தது. கலவை குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்ட வேண்டும். திறந்த குப்பியில் தேதி எழுதி, 28 நாளில் மாற்றிவிடுங்கள். முதல் ஊசியை நம் கண் முன்னாலேயே அவர்களே இழுத்துக் காட்டட்டும். கோடு தெரியாத கண் என்றால் பேனாவையே தொடரச் சொல்லிக் கமிட்டிக்கு எழுதுங்கள்.

எப்போது மாற்றுவது, எப்போது பார்ப்பது

எல்லோரையும் ஒரே மாதத்தில் மாற்றாதீர்கள். கொழுப்பு மாத்திரையில் தொடங்கினால் நிதானமாகக் கற்றுக்கொள்ளலாம். அப்புறம் பிரஷர், கடைசியில் சுகர். தைப்பூசத்துக்கு முன்னால் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கிறவர்கள் இங்கே நிறைய. அவர்களுக்குச் சுகர் மாத்திரையையோ நீர் போகும் மாத்திரையையோ நடைக்கு முன்னால் மாற்றுவதே இல்லை, திரும்பி வந்த பிறகுதான். கல்யாண வீடு, படைப்பு (முன்னோருக்குப் படையல்) வைத்திருப்பவர்களுக்கும் அதே கதைதான்.

மாற்றிய மூன்றாம் நாள் ஒரு போன். ‘நல்லா இருக்கீகளா?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் பதில் வரும். ‘இன்னிக்குக் காலையில எந்த அட்டையிலேர்ந்து போட்டீக, படிங்க பார்ப்போம்’ என்று கேளுங்கள். பிரஷரை இரண்டிலிருந்து நாலு வாரத்தில் பாருங்கள். எனலாப்ரில், லோசார்ட்டன் வகையைப் புதிதாகத் தொடங்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டுவது) பொட்டாசியமும். கொழுப்புக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம். தைராய்டு மாத்திரையின் கம்பெனியை மாற்றினால்கூட ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டி.எஸ்.எச் என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை. சுகரை வீட்டு மெஷினில் முதல் வாரமே, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) மூன்று மாதம் கழித்து. இந்தப் பரிசோதனைச் செலவையும் சேர்த்துத்தான் மிச்சம் எவ்வளவு என்று கமிட்டி கணக்குப் போட வேண்டும். மருந்து விலையை மட்டும் காட்டி மிச்சம் பிடித்தோம் என்று சொன்னால் நான் ரசீதை எடுத்து வைக்கிறேன்.

ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு, வீக்கம், மயக்கம் என்று எது வந்தாலும் டாக்டரிடம் சொல்லிப் பழையதற்கே திரும்ப வேண்டும். கெடுதல் வந்ததை 1800-180-3024 என்கிற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். மருந்துகளின் பக்கவிளைவைக் கண்காணிக்கும் தேசியத் திட்டத்தின் எண் அது, நோயாளியே பேசலாம். திரும்புகிறவர்களுக்காகப் பழைய மருந்தில் கொஞ்சம் இருப்பு வைத்திருங்கள். விதிவிலக்குக்கு ஒரு பக்கத் தாள் போதும்: பெயர், பழைய மருந்து, புதிய மருந்து, என்ன ஆனது, டாக்டர் கையெழுத்து. எங்கள் கிளினிக்கில் அந்தத் தாள் வந்தால் கமிட்டி கூடும் வரை காத்திருக்காமல் அன்றே மருந்து கொடுத்துவிடலாம் என்று தீர்மானம் போட்டு வாங்கியிருக்கிறேன். உங்கள் இடத்தில் அப்படி இல்லையென்றால், முதல் நோயாளியை மாற்றுவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.